கயிற்றில் வந்த ஜீப்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் ஆலயத்துத் தேரோட்டத்தை நேயர்களில் சிலராவது பார்த்திருக்கக் கூடும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய கவர்னரே வந்து வடம் பிடித்தார். ஆட்சி மாறிய பிறகும் வழக்கம் மாறவில்லை. புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் வந்து வடத்தைத் தொட்ட பிறகே தேர் நிலையை விட்டு நகர்கிறது. தேரை இழுப்பதற்குக் கவர்னர் வருவார், சரி. ஓடாத ஜீப் ஒன்றை நூற்று முப்பது கிலோமீட்டர் இழுத்து வருவதற்கு யார் வருவார்? இந்தக் கேள்வி நமக்குச் சென்ற தை மாதத்தில் ஏற்பட்டது. கையில் இருந்த பணமோ எட்டாயிரம் ரூபாய்.

விஷயம் இதுதான். வில்லியனூர் வட்டத்தைச் சேர்ந்த செல்லிப்பட்டில் நமக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. 1974-ஆம் ஆண்டில் அவர் பழைய ஜீப் ஒன்று வாங்கினார். சங்கராபரணி ஆற்றங்கரை ஊர்களில் அப்போது மழைக்காலம் வந்தால் மாட்டு வண்டியும் சிக்கிக்கொள்ளும். நான்கு சக்கரமும் சேர்ந்து உந்தும் அந்த ஜீப் ஒன்றுதான் சேற்றைச் சட்டை செய்யாது. விதை நெல் ஏற்றியதும் அதில்தான். பிரசவ வேதனைப் பட்ட பெண்களை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதில்தான். ஊரில் இன்று நாற்பது வயதைத் தாண்டி நடமாடுகிறவர்களில் இரண்டு பேர் அந்த வண்டியிலேயே பிறந்தவர்கள். 1996-இல் மகளின் கல்யாணத்துக்காகப் பெரியப்பா அதை விற்றார். விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை என்று பெரியம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். அவர் மட்டும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

செங்கத்துக்கு அப்பால், ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், புளிய மரத்தடியில் அந்த ஜீப் கிடக்கிறது என்று தற்செயலாகத் தகவல் கிடைத்தது. போய்ப் பார்த்தோம். கூரை இல்லை; இருக்கைகளில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருந்த பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது, அதன் பக்கம் ஒன்றில் பெரியப்பாவின் பெயரும் கையெழுத்தும் இருந்தன. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? விலை பேசி முடித்தோம். முடித்த பிறகுதான் அதை ஊருக்குக் கொண்டு போக வேண்டுமே என்ற நினைவு வந்தது!

இந்த ஜீப்பின் ஜாதகத்தைச் சிறிது சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் எளிய, உறுதியான, எங்கும் ஏறும் வண்டி ஒன்று வேண்டுமென்று கேட்டது. வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியுமாகச் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் மஹிந்திரா அண்டு முஹம்மது என்ற கம்பெனி பிறந்தது. பிரிவினைக்குப் பிறகு கூட்டாளியான குலாம் முஹம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார். கம்பெனி 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. அந்தக் கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பெரியப்பாவின் வண்டி அந்த வம்சத்தில் வந்த பெட்ரோல் ஜீப்.

* * *

வண்டியைத் தட்டில் ஏற்றிக்கொண்டு வரும் மீட்பு லாரிக்குக் கேட்டோம். பதினெட்டாயிரம் என்றார்கள். நம் நண்பர் ஒருவரிடம் முக்கால் டன் ஏற்றும் சிறிய சரக்கு வண்டி இருக்கிறது. ஜீப்போ ஒரு டன்னுக்கு மேல். ஏற்ற முடியாது, ஆனால் இழுக்கலாம் அல்லவா? டீசல் செலவு மட்டும் கொடுத்தால் போதும் என்றார் நண்பர். உடனே ஒரு நைலான் கயிற்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டோம்.

இழுக்கும் வண்டியை ஓட்டுகிறவர் பாடு சுகம். இழுபடும் வண்டியில் உட்காருகிறவர் பாடுதான் திண்டாட்டம். முன்வண்டி சற்றே தாமதித்தால் கயிறு தொய்கிறது. உடனே அது வேகம் எடுத்தால் கயிறு விறைத்து, பின்வண்டி வெடுக்கென்று துள்ளுகிறது. கயிறு தொய்யாமல் இருக்க, பின்னால் இருப்பவர்தான் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வர வேண்டும். நமது ஜீப்பில் பிரேக் என்பது பெயருக்குத்தான் இருந்தது. மூன்றாவது துள்ளலில் கயிறு அறுந்தது. நண்பர் அதை அறியாமல் அரை கிலோமீட்டர் போய்விட்டார். நாம் நடுரோட்டில் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, ரதத்தை இழந்த சாரதியைப் போல் உட்கார்ந்திருந்தோம்.

எப்படியோ செங்கத்துக்கு வந்து ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். அறுபது வயது மனிதர். ஜீப்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நமது கயிற்றைக் கண்டதும் சுருங்கியது.

"ஏன் சார், மாட்டைப் பிடிச்சிக்கிட்டுப் போறீங்களா, வண்டியை இழுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்றார்.

அன்று மாலை அவரிடம் நாம் கற்றுக்கொண்ட பாடங்களை இங்கே எழுதி வைக்கிறோம். யாருக்காவது உதவும்.

புது மாதிரிக் கார்களில் என்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டீரிங்கும் கல்லாகிவிடும். ஏனெனில் அவற்றுக்குத் துணை செய்வதே என்ஜினின் ஓட்டந்தான். பழைய ஜீப்பில் அப்படி இல்லை. பிரேக் எண்ணெயைக் காலின் பலமே தள்ளுகிறது. ஸ்டீரிங்கைக் கையின் பலமே திருப்புகிறது. ஆகையால் என்ஜின் செத்திருந்தாலும், ரப்பர் வளையங்களை மாற்றி எண்ணெய் ஊற்றினால் பிரேக் உயிர் பெற்றுவிடும். இது முதல் பாடம்.

இரண்டாவது, சக்கரம் சுழன்றால் அச்சு சுழலும்; அச்சு சுழன்றால் அதிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் போகும் நீண்ட சுழல் தண்டும் சுழலும். பல வருஷமாக எண்ணெய் வற்றிக் கிடக்கும் பெட்டியை அப்படி நூறு கிலோமீட்டர் சுழற்றினால் உள்ளே எல்லாம் தேய்ந்து போகும். ஜீப்பில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடுவது அதுதான். அதன் நெம்புகோலை நடுநிலையில் போட்டாலே போதும் என்பார்கள். "போதும்தான். ஆனா வழியிலே குலுங்கி அது தானா விழுந்து பல்லைப் பிடிச்சா, பெட்டி போச்சு" என்றார் மெக்கானிக். பின்புறத்துச் சுழல் தண்டையே கழற்றி வண்டிக்குள் வைத்தார். கழற்றிய முனையில் இருந்த சிறு கிண்ணங்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். இல்லாவிட்டால் அவற்றுக்குள் இருக்கும் ஊசி போன்ற உருளைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் உதிர்ந்துவிடுமாம்.

மூன்றாவது, கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயில் இரண்டு பக்கமும் வளையம் பற்றவைத்துக் கொடுத்தார். குழாய் தொய்யாது, துள்ளாது, முன்வண்டியின் மேல் பின்வண்டி மோதவும் விடாது. சக்கரக் குடங்களைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்தார். வேலைக்கும் சாமான்களுக்கும் ஆயிரத்தைந்நூறு ரூபாய், குழாய்க்குத் தொள்ளாயிரம். 'இழுத்துச் செல்லப்படுகிறது' என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி ஜீப்பின் பின்னால் கட்டியவரும் அவரே. அதற்குக் கூலி வாங்கவில்லை.

* * *

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துப் புறப்பட்டதை நம்முடைய ஒரே புத்திசாலித்தனம் என்று சொல்லலாம். பௌர்ணமியில் திருவண்ணாமலைக்குள் நுழைந்திருந்தால், கிரிவலம் வரும் ஜனசமுத்திரத்தில் ஜீப்பும் நாமும் அடுத்த நாள் வரையில் மலையைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போவதில் ஒரு லாபம் உண்டு. அண்ணாமலையை அரை மணி நேரம் கண்ணாரக் காணலாம்.

கீழ்பென்னாத்தூர் அருகில் 'படார்' என்று ஒரு சத்தம். ஜீப்பின் முன் டயர் ஒன்று வெடித்துவிட்டது. வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட ரப்பர். அதனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த அளவு ஜீப் டயருக்கு இந்தச் சிற்றூரில் எங்கே போவது என்று விழித்தோம். பக்கத்தில் டிராக்டர் டயர் விற்கும் கடைக்காரர் வந்து குனிந்து எண்ணைப் படித்தார். "ஆறு, பதினாறு. இதானே? நம்ம டிராக்டர் முன் சக்கரத்துக்குப் போடறதும் இதே அளவுதான்" என்றார். உண்மைதான்! யுத்தத்துக்குப் பிறந்த ஜீப்பும் உழவுக்குப் பிறந்த டிராக்டரும் ஒரே அளவுச் செருப்பை அணிகின்றன. பாதி தேய்ந்த டயரும் டியூபுமாக ஆயிரத்து நானூறு ரூபாய். நமது மடியில் கனம் வேகமாகக் குறைந்து வந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குச் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் மதிலால் கட்டிப் போட்ட கோட்டை. 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். 1714-இல் தேசிங்கு ராஜன் இதற்காக உயிரைக் கொடுத்தார். 1750-இல் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவில் ஏறிப் பிடித்தார்கள். 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். 2025-இல் மராட்டியரின் மற்றக் கோட்டைகளோடு இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எத்தனையோ படைகளைத் தடுத்து நிறுத்திய அந்தச் செஞ்சியில், நம்மையும் ஒரு போலீஸ்காரர் தடுத்து நிறுத்தினார்.

அட்டை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பின்வண்டியில் இருப்பவருக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டார், காட்டினோம். நமக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எங்கே கொண்டு போறீங்க?"

"செல்லிப்பட்டுக்கு."

"அது எங்கே இருக்கு?"

"புதுச்சேரிப் பக்கம்."

அவர் சிரித்தார். "பழுதான வண்டியைக் கிட்டத்திலே இருக்கிற பட்டறை வரைக்கும் இழுத்துட்டுப் போகத்தான் ஐயா சட்டம் இடம் கொடுக்குது. செங்கத்திலேருந்து புதுச்சேரிக்கு நடுவிலே பட்டறையே இல்லையா?"

நமக்குப் பேச்சு எழவில்லை. அட்டையும் ஐந்து மீட்டரும் இருபத்தைந்து கிலோமீட்டரும் நமக்குத் தெரிந்திருந்தன. விதியின் முதல் வரி மட்டும் தெரியவில்லை. சௌகரியமான பகுதியை மட்டும் படித்துக்கொள்வது மனித சுபாவம். பட்டறைக்குப் பட்டறை 'கிட்டத்திலே இருக்கிற பட்டறை' என்று சொல்லிக்கொண்டே போய்விடலாமே என்று நண்பர் காதோடு சொன்னார். சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் அந்தச் சட்டம் யாரோ கடல் கடந்து வந்து நம் தலையில் சுமத்தியதன்று. நம்முடைய நாட்டில் நம்முடைய சாலையில் நம்முடைய பிள்ளைகள் நடப்பதற்காக ஏற்பட்டது. முந்திய நாள் கயிறு அறுந்தபோது எதிரில் ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நாம் மறக்கவில்லை. குழாயைக் கழற்றினோம். போலீஸ்காரர் அபராதம் போடவில்லை. "ஏத்திக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏற்றிக்கொண்டு போவதற்குப் பணம்? எண்ணிப் பார்த்தோம், மூவாயிரம் ரூபாய்கூட முழுதாகத் தேறவில்லை.

* * *

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தெல்லாம் நெல் வருகிறது. வரும்போது மூட்டை ஏற்றி வரும் டிராக்டர்கள், போகும்போது வெறுமனே போகும். இந்த உண்மையை நமக்கு நினைவூட்டியவர் எதிரே டீக் கடை வைத்திருந்த அம்மாள். உள்ளே போய் விசாரித்தோம். வளவனூரைத் தாண்டி ஊர் உள்ள விவசாயி ஒருவர் நெல்லை இறக்கிவிட்டு டிரெய்லரைக் கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி வாடகை கேட்டோம்.

"வாடகை வாங்க மாட்டேன் ஐயா. இது உழவுக்குப் பதிவான வண்டி, வாடகைக்கு ஓட்டினா அதுவும் தப்பு" என்றார். நமது முகம் விழுந்ததைக் கண்டு, "வாடகைதானே வேணாம்னேன்? வர மாட்டேன்னு சொல்லலையே? டீசல் மட்டும் போடுங்க. எங்கப்பாவும் ஒரு வண்டிமாட்டை வித்துட்டு அழுதவர்தான்" என்றார்.

ஒரு மண்மேட்டை ஒட்டி டிரெய்லரைப் பின்னுக்கு நிறுத்தினோம். மூட்டை தூக்கும் தொழிலாளர் ஆறு பேர் வந்து, இரண்டு பலகைகளைப் பாலமாகப் போட்டு, 'ஐலசா' என்று ஒரே மூச்சில் ஜீப்பை உருட்டி உள்ளே ஏற்றினார்கள். ஆளுக்கு நூறு ரூபாய். வண்டி தட்டில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கயிற்றை வண்டியின் உடம்பில் கட்டினால், பள்ளம் மேட்டில் வில் அமுங்கி எழும்போதெல்லாம் கட்டுத் தளரும். ஆகையால் அச்சோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். மூன்று மணிக்கு டிராக்டர் புறப்பட்டது. நண்பரின் வண்டி பின்னால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காவலாக வந்தது.

செஞ்சியில் நம்மோடு இன்னொருவரும் புறப்பட்டார். சங்கராபரணி ஆறுதான் அவர். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் பிறப்பதால் செஞ்சியாறு என்றும், வராக நதி என்றும் அவருக்குப் பெயர் உண்டு. அவர் வீடூர் அணையில் சிறிது தங்கி, கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கும் திருவக்கரையைத் தொட்டுக்கொண்டு செல்லிப்பட்டுக்குப் போகிறவர். நாம் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு இரண்டு வழி.

விழுப்புரம், கோலியனூர், வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தபோது இருட்டிவிட்டது. இந்தப் பிரதேசத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் பாயில் ஊடும் பாவும் போலப் பின்னிக் கிடக்கின்றன. மதகடிப்பட்டும் திருபுவனையும் திருவண்டார்கோயிலும் புதுச்சேரி. அடுத்த கண்டமங்கலம் தமிழ்நாடு. அதற்கடுத்த அரியூர் மறுபடியும் புதுச்சேரி! எல்லைப் பலகையைத் தாண்டும்போது டிராக்டர் ஒரு ராஜ்யத்திலும் ஜீப் மற்றொரு ராஜ்யத்திலும் இருந்தன. சம்பந்தர் பாடிய வடுகூர் என்பது இந்தத் திருவண்டார்கோயில்தான். அவர் காலத்தில் இந்த எல்லை ஏது?

ஆனால் பெரியப்பாவின் இளமையில் இது இரண்டு சர்க்கார்களின் எல்லை. சாவடியில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூருக்குத் தெற்கே உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வோட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர். வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறியது. சட்டபூர்வமாக எல்லாம் முடிவதற்கு 1962 ஆகஸ்டு 16 ஆயிற்று. சாவடி எடுக்கப்பட்ட மறுநாள், பத்து வயதுப் பையனான பெரியப்பா அந்தக் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது தடவை தாண்டிக் குதித்தாராம். யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். "அதுதாண்டா சுதந்திரம்" என்று சொல்வார்.

* * *

இரவு பத்து மணிக்குச் செல்லிப்பட்டு. தூங்கியிருப்பார் என்று நினைத்த பெரியப்பா, கைத்தடியோடு தெருத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாம் ரகசியமாக வைத்திருந்த விஷயத்தைப் பெரியம்மா மாலையிலேயே சொல்லிவிட்டாளாம். ஊர்ப் பிள்ளைகள் பலகை போட்டு ஜீப்பை இறக்கினார்கள். இறக்கியவர்களில் அதில் பிறந்த இருவரில் ஒருவரும் இருந்தார்.

பெரியப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண் பார்வை மங்கிவிட்டபடியால் கையாலேயே வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டு வந்தார். ஓட்டுகிற இடத்தில் ஏறுவதற்கு இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் அவருடைய கை தானாகவே கியர்க் குமிழுக்குப் போயிற்று. கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அழுத்திப் பார்த்தார்.

"பிரேக் புதுசா இருக்குதே" என்றார்.

அவ்வளவுதான். பிறகு வெகு நேரம் மௌனமாக இருந்தார். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது போனப்போ அணை இருந்தது" என்று கடைசியில் சொன்னார். செல்லிப்பட்டுக்கும் எதிர்க்கரைப் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே, பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய படுகை அணை ஒன்று இருந்தது. ஆற்று நீரைத் தேக்கி, இரு கரைக் கிணறுகளிலும் ஊற்றைக் காத்தது அது. நூறாண்டு கடந்து நின்ற அந்த அணை 2021-ஆம் ஆண்டு மழை வெள்ளத்தில் உடைந்து போயிற்று. "வண்டி வந்துடுச்சு, அணை போயிடுச்சு. பரவாயில்லே. கட்டினதைத் திரும்பக் கட்டலாம். வித்ததைத் திரும்ப வாங்கலாம். மனசு இருந்தாப் போதும்" என்றார்.

டிராக்டர்க்காரருக்கு இலை போட்டுப் பெரியம்மாவே பரிமாறினாள். பணம் என்று நீட்டியபோது, பேசியபடி டீசலுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார். பெரியப்பா ஒரு மரக்கால் விதை உளுந்தைத் துணியில் முடிந்து அவர் வண்டியில் வைத்தார். அதை அவர் மறுக்கவில்லை.

கணக்கைப் பார்த்தோம். மெக்கானிக்குக்கு 1,500, இரும்புக் குழாய்க்கு 900, டயருக்கு 1,400, நண்பரின் வண்டிக்குப் போகவர டீசல் 1,900, ஏற்று கூலி 600, டிராக்டருக்கு டீசல் 1,200, வழிச் சாப்பாடு 450. ஆக மொத்தம் 7,950 ரூபாய். இனிமேல்தான் பெரிய செலவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து தடையின்மைச் சான்று வாங்கிப் புதுச்சேரியில் பதிவை மாற்ற வேண்டும். தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் என்ஜினை எழுப்ப வேண்டும். அது வருஷக் கணக்கில் ஆகலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

மிச்சம் ஐம்பது ரூபாய் இருந்தது. காலையில் நான்கு எலுமிச்சம்பழமும் கர்ப்பூரமும் வாங்கி வந்தோம். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பெரியப்பா மறுபடியும் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தெருக் குழந்தைகள் ஐந்தாறு பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நகரவில்லை. ஆனால் அவர் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்.